பழைய போர்ஷேயின் மூக்கை மாற்ற வேண்டுமா?

போன வருஷம் அமெரிக்காவில், சான் ஹோசேயில் மகள் வீட்டில் ஐந்து மாதம் இருந்தேன். அங்கே போய் உட்கார்ந்தால் நம்மைப் போன்றவர்களுக்குப் பொழுது போவதில்லை என்பது உங்களில் பலருக்குத் தெரியும். எனக்கு மாப்பிள்ளையின் கராஜில் நல்ல துணை கிடைத்தது. 1987-ம் வருஷத்து போர்ஷே 944. நாலு சிலிண்டர், இரண்டரை லிட்டர் இன்ஜின். போர்ஷே என்று பெயர் இருந்தாலும், ஜெர்மனியில் நெக்கார்சுல்ம் என்ற ஊரில் ஆடி கம்பெனியின் தொழிற்சாலையில் கட்டிய வண்டி அது. மாப்பிள்ளை வாங்கும்போதே அதற்கு முப்பத்தைந்து வயது தாண்டிவிட்டது.

வண்டிக்கு ஒரு வியாதி. சிக்னலில் நின்று கிளம்பும்போது ஒரு நொடி மூச்சுப் பிடித்தாற்போல் தயங்கும். பிறகு பாய்ந்து போகும். மாப்பிள்ளை இன்டர்நெட்டில் ராத்திரி ராத்திரியாகப் படித்து, காற்றை அளக்கும் பழைய மீட்டர்தான் குற்றவாளி, அதைக் கழற்றிவிட்டுப் புது மாதிரி சென்சார் கிட் ஒன்றை மாட்டிவிடலாம் என்று முடிவு கட்டியிருந்தார். “மாமா, நீங்க என்ன சொல்றீங்க?” என்று கேட்டார். வேண்டாம் மாப்பிள்ளை என்றேன். பஸ் டிப்போவில் டீசல் பம்ப் செக்‌ஷனில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் நான். பெட்ரோல் கார் வேறு, டீசல் பம்ப் வேறு என்று யாராவது சொல்லலாம். அளக்காமல் எதையும் மாற்றாதே என்பது இரண்டுக்கும் ஒன்றுதான். என் கட்சியை இங்கே விவரமாகவே சொல்லிவிடுகிறேன்.

ஒரு கிலோ பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். நம் அம்பாசடரிலும் ஃபியட்டிலும் இந்தக் கணக்கைக் கார்புரேட்டர் குத்துமதிப்பாகப் பார்த்துக்கொண்டது. காற்று போகிற வேகத்தில் பெட்ரோலை உறிஞ்சிக்கொள்ளும், அவ்வளவுதான். இன்ஜெக்‌ஷன் வண்டியில் அப்படி இல்லை. எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்று யாராவது கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும். அதைக் கேட்டுக்கொண்டு அது இன்ஜெக்டரை இத்தனை மில்லிசெகண்ட் திறந்து மூடும். காற்றைச் சொல்லும் அந்த மூக்கில்தான் இந்த வழக்கே.

944-இல் இருப்பது பாஷ் கம்பெனியின் கதவு மீட்டர். அலுமினியப் பெட்டி ஒன்று. அதற்குள் ஸ்பிரிங் வைத்த ஒரு கதவு. இன்ஜின் இழுக்கிற காற்று கதவைத் தள்ளும். எவ்வளவு திறந்தது என்பதை மேலே இருக்கிற ஒரு கரித்தடமும் அதன்மேல் உரசிப் போகும் ஒரு முள்ளும் வோல்டேஜாக மாற்றிச் சொல்லும். வால்வ் ரேடியோ காலத்து வால்யூம் கன்ட்ரோலை நினைத்துக்கொள்ளுங்கள், அதேதான். கதவு படபடவென்று ஆடாமல் இருக்க, அதோடு சேர்ந்த இன்னொரு தகடு ஒரு சின்ன அறைக்குள் அசைந்து அடக்கிப் பிடிக்கும். 1970-களில் எல்-ஜெட்ரானிக் என்ற பெயரில் பாஷ் கொண்டுவந்த ஏற்பாடு இது. அந்த ‘எல்’ ஜெர்மன் மொழியில் காற்றைக் குறிக்கும் ‘லுஃப்ட்’ என்ற சொல்லின் முதல் எழுத்து. ஒரு காலத்தில் ஐரோப்பா, ஜப்பான் வண்டிகள் பலவற்றில் இந்தக் கதவுதான்.

புது மாதிரி என்பது சூட்டுக் கம்பி. இதுவும் பாஷ் கம்பெனியின் வேலைதான். 1980-களின் தொடக்கத்தில் வந்தது. முடியை விட மெல்லிய பிளாட்டினக் கம்பி ஒன்றைக் காற்று வழியில் கட்டி, உள்ளே வரும் காற்றைவிட இத்தனை டிகிரி கூடுதல் சூட்டில் எப்போதும் வைத்திருப்பார்கள். காற்று போகப் போக கம்பி குளிரும். சூடு குறையாமல் இருக்க எவ்வளவு கரண்ட் கொடுக்க வேண்டியிருக்கிறதோ அதுவே காற்றின் எடைக்குக் கணக்கு. ஆடுகிற உறுப்பு ஒன்றுமில்லை. பழைய கம்பி சென்சார்களில் ஒரு வேடிக்கை உண்டு. வண்டியை நிறுத்தின பிறகு கம்பி ஒரு நொடி ஆயிரம் டிகிரி அளவுக்குச் சிவக்கச் சூடேறி, தன்மேல் ஒட்டின அழுக்கைத் தானே எரித்துக்கொள்ளும். தானே பல் விளக்கிக்கொள்கிற குழந்தை மாதிரி.

இரண்டில் எது உசத்தி என்றால், சந்தேகமில்லாமல் கம்பிதான். கதவு காற்றின் எடையை அளப்பதில்லை. அதைத் தள்ளும் விசையை அளக்கிறது. காற்று மெலிந்தால் கதவு கொஞ்சம் ஏமாறும். கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் டென்வர் நகரத்துக்கு அந்த வண்டியை ஓட்டிப் போனால், திருத்தம் ஏதும் இல்லாவிட்டால், இருக்கிற காற்றைவிடச் சுமார் 8 சதவீதம் கூடுதலாகக் கதவு சொல்லும். பெட்ரோலும் அந்த அளவு கூடுதலாகப் போகும். கம்பி இப்படி ஏமாறாது. மாப்பிள்ளை இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். நானும் மறுக்கவில்லை.

நான் கேட்டது வேறு. கம்பி சொல்லும் கணக்கைக் கேட்கப்போவது யார்? 944-இன் கம்ப்யூட்டருக்குத் தெரிந்த பாஷை கதவு பாஷை ஒன்றுதான். இந்த வோல்டேஜ் வந்தால் கதவு இவ்வளவு திறந்திருக்கிறது, காற்றின் வெப்பம் இது, ஆகையால் பெட்ரோல் இவ்வளவு என்று தொழிற்சாலையில் எழுதிவைத்த அட்டவணையைத்தான் அது புரட்டும். கிட்டில் என்ன செய்கிறார்கள்? கம்பிக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் ஒரு சின்னப் பெட்டியை வைக்கிறார்கள். கம்பி சொல்வதை அது கதவு பாஷையில் பெயர்த்துச் சொல்கிறது. கம்ப்யூட்டர் பாவம், இன்னும் கதவு இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறது. எடையை நேராக அளக்கிற கருவியை வாங்கி, அதை வேலை மெனக்கெட்டுக் கதவு மாதிரி பேச வைப்பதில் என்ன லாபம்? காற்றின் வெப்பத்துக்குக் கம்பி ஏற்கெனவே கணக்குப் பார்த்திருக்கும். கம்ப்யூட்டர் தன் பங்குக்கு மறுபடியும் வெப்பத் திருத்தம் போடும். பெட்டி செய்தவர் அதை யோசித்திருந்தால் நல்லது. யோசிக்காவிட்டால் குளிர்காலத்தில் ஒரு கலவை, கோடையில் ஒரு கலவை.

போர்ஷே கம்பெனியே தன் 928 காரில் கதவை எடுத்துவிட்டுச் சூட்டுக் கம்பிக்குப் போனது உண்மை. மாஸ்டா கம்பெனியும் தன் சின்ன எம்எக்ஸ்-5 காரில் 1.6 லிட்டர் வரைக்கும் கதவு வைத்து, 1.8 லிட்டர் இன்ஜின் வந்தபோது கம்பிக்கு மாறியது. ஆனால் அவர்கள் மூக்கை மட்டும் மாற்றவில்லை. மூளையையும் சேர்த்து மாற்றினார்கள். கம்பிக்கென்றே கம்ப்யூட்டர், அதற்கென்றே அட்டவணை, பெஞ்சில் வைத்து மாதக்கணக்கில் ஓட்டிப் பார்த்து எழுதியது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கராஜில் நாலு போல்ட் கழற்றி மாட்டுவது அதற்கு ஈடாகுமா?

கிட் போட்டவர்கள் வண்டி பறக்கிறது என்கிறார்களே என்றார் மாப்பிள்ளை. பறக்கட்டும். கிட் போடும்போது வேறு என்னென்ன மாற்றினார்கள் என்று பாருங்கள். புது ஏர் ஃபில்டர், புது ரப்பர் குழாய், புது கிளாம்ப், சில கிட்டுகளில் கம்ப்யூட்டருக்குள் ஒரு புது சிப்பும்கூட. முப்பத்தைந்து வருஷத்து வெடிப்பு விழுந்த ரப்பரை எடுத்துவிட்டுப் புதுசு போட்டால் எந்த வண்டியும் சந்தோஷமாகத்தான் ஓடும். பேர் மட்டும் சென்சாருக்கு.

இந்த ரப்பர் விஷயத்தை லேசாக நினைக்கக் கூடாது. கதவுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் குழாயில் ஒரு கீறல் விழுந்தால், அதன் வழியாக நுழைகிற காற்று கதவைத் தள்ளாமல் போகிறது. கணக்கில் வராத காற்று. பெட்ரோல் குறைவாக விழும், இன்ஜின் தயங்கும். கம்பி சென்சார் போட்டாலும் கீறல் அப்படியே இருந்தால் அதே தயக்கம்தான். 944-க்கென்றே இன்னொரு பிரசித்தி பெற்ற வியாதி, அதன் ரிலே. உள்ளே ஈயப் பற்றுவைத்த இடத்தில் நாளடைவில் மயிரிழை வெடிப்பு விழும். ஓடிக்கொண்டிருக்கிற வண்டி திடீரென்று நிற்கும், கொஞ்ச நேரம் ஆறினால் கிளம்பும். இதற்குக்கூடச் சிலர் கதவு மீட்டரைத் திட்டுகிறார்கள்.

நாங்கள் இரண்டு பேருமாக ஒரு சனிக்கிழமை கதவு மீட்டரைக் கழற்றி மேஜைமேல் வைத்தோம். அதைச் சோதிக்க டிஜிட்டல் மீட்டரைவிட நம் காலத்து முள் மீட்டர் நல்லது. கரண்ட் கொடுத்து, கதவை விரலால் மெதுவாகத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். முள் வெண்ணெயில் கத்தி போனாற்போல் ஏற வேண்டும். எங்களுக்கு ஒரு இடத்தில் முள் துள்ளியது. மேலே ஒட்டியிருந்த கறுப்பு பிளாஸ்டிக் மூடியைப் பொறுமையாகக் கீறித் திறந்தால், கரித்தடத்தில் அந்த இடம் மட்டும் தேய்ந்து பளபளத்தது. ஆச்சரியமில்லை, வண்டி வாழ்நாளில் பெரும்பாலும் நிற்பது அந்தச் சின்னத் திறப்பில்தானே. தடம் இருக்கும் அட்டையின் திருகைத் தளர்த்தி இம்மியளவு நகர்த்தினால், முள் தேயாத புது இடத்தில் உரசும். பழைய மெக்கானிக்குகளுக்கு இது தெரிந்த வைத்தியம். செலவு ஒன்றுமில்லை, மூடியை மறுபடி ஒட்ட சிலிகான் பசை மட்டும். உள்ளே இருக்கும் பல்சக்கரத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது. அது ஸ்பிரிங்கின் முறுக்கு. ஒரு பல் நகர்ந்தால் வண்டியின் கலவை முழுக்க மாறும்.

ரப்பர் குழாயிலும் ஒரு வெடிப்பு இருந்தது, அதையும் மாற்றினோம். தயக்கம் முக்கால்வாசி போயிற்று. மீதிக் கால்வாசி என்னவென்று நான் ஊருக்குக் கிளம்பும்வரை பிடிபடவில்லை. இன்ஜின் சூட்டைச் சொல்லும் சென்சார்மேல் எனக்குச் சந்தேகம்.

கலிஃபோர்னியாக்காரர்களுக்கு இன்னொரு இடைஞ்சல் உண்டு. அங்கே 1976-க்கு அப்புறம் வந்த பெட்ரோல் வண்டிகளுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புகைப் பரிசோதனை. குழாயிலிருந்து வரும் புகையை மட்டும் பார்ப்பதில்லை. பானெட்டைத் திறந்து, தொழிற்சாலை போட்ட சாமான் அப்படியே இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். வெளிச் சாமான் மாட்டியிருந்தால், அந்த மாநிலக் காற்று வாரியம் அனுமதித்த எண் அதற்கு இருக்க வேண்டும். எண் இல்லாத கிட் போட்ட வண்டி, புகை எவ்வளவு சுத்தமாக வந்தாலும் ஃபெயில். நம்மூரில் பியூசி சர்டிஃபிகேட் வாங்கிப் பழகினவர்களுக்கு இது கெடுபிடியாகத் தோன்றும். எனக்கு நியாயமாகவே படுகிறது. பெட்ரோல் கணக்கை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம் என்றால், பக்கத்தில் சைக்கிளில் போகிறவன் எதை மூச்சு விடுவான்?

கம்பி போடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இதே 944-இல் டர்போ மாடல் ஒன்று உண்டு. டர்போவின் அழுத்தத்தைக் கூட்டி, பெரிய இன்ஜெக்டர் போட்டுப் பந்தய மைதானத்தில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேகம் பிடிக்கும்போது கதவு முழுக்கத் திறந்து முட்டிக்கொண்டு நின்றுவிடும். அதற்குமேல் எவ்வளவு காற்று வந்தாலும் அதற்குச் சொல்லத் தெரியாது. காற்று வந்துகொண்டே இருக்க, பெட்ரோல் போதாமல் போனால் பிஸ்டன் ஓட்டையாகிவிடும். அவர்கள் மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது மொழிபெயர்ப்புப் பெட்டியோடு நிறுத்தாமல் கம்ப்யூட்டரையும் மாற்றி, ரோலர்மேல் ஓட்டி, புகையில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்த்துப் பார்த்து அட்டவணை எழுத வேண்டும். இதற்குக் காசு நிறைய ஆகும். காசு இல்லையென்றால் அழுத்தத்தையும் கூட்ட வேண்டாம்.

மாப்பிள்ளையின் வண்டி டர்போ இல்லை. வெறும் 944. அதில் போடும் காசுக்கு முதல் பாத்தியதை டைமிங் பெல்ட்டுக்குத்தான். அந்த இன்ஜினில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். பழைய முதலாளி எப்போது மாற்றினார் என்று ரசீது இல்லை. நான் கிளம்புகிற அன்றைக்குக்கூட ஏர்போர்ட் போகிற வழியில் அதைத்தான் சொல்லிக்கொண்டு போனேன். “சரி மாமா, முதல்ல பெல்ட், அப்புறம் கிட்” என்றார். அந்த ‘அப்புறம் கிட்’ எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அப்படியே போட்டாலும், எண்ணெய் தடவுகிற பந்தய ஏர் ஃபில்டரை அதோடு மாட்டாதீர்கள்; எண்ணெய்ப் பொடி கம்பியில் படிந்தால் கணக்கு கெடும். கழற்றின கதவு மீட்டரைத் துணியில் சுற்றி அலமாரியில் வையுங்கள், பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடாதீர்கள். அடுத்த புகைப் பரிசோதனைக்கு அது வேண்டியிருக்கும்.