கொல்லணுமா, சுவிட்சை அணைக்கணுமா?

மக்களே, கிருமின்னாலே கொன்னுடணும், அதான் நமக்குப் பழக்கம். நுண்ணுயிரியல் முதுகலை படிக்க கடல் தாண்டி வந்தவன் நான். என் கட்சி வேற.

காலரா கிருமியையே எடுத்துக்கோங்க. கழிமுகத்துலயும் கடலோரத்துலயும் அது பாட்டுக்கு சாதுவா வாழும். நம்ம சிறுகுடலுக்குள்ள வந்ததும்தான் ரவுடி வேஷம். காரணம், டாக்ஸ்-ஆர் என்ற கட்டுப்பாட்டுப் புரதம். 1984ல மில்லரும் மெக்கலானோஸும் கண்டுபிடிச்சாங்க. இது டிசிபி-பி என்ற இன்னொரு புரதத்தோட சேர்ந்து டாக்ஸ்-டியை உருவாக்க வைக்கும். நச்சுக்கும், குடல்ல குடியேற உதவுற இழைகளுக்கும் உரிய மரபணுக்களை முடுக்கி விடுறது இந்த டாக்ஸ்-டிதான்.

அதை அமுக்கினா? 2005ல விர்ஸ்டாட்டின் என்ற சேர்மம் அதைச் செஞ்சு காட்டிச்சு. சுண்டெலிக் குட்டிகளோட குடல்ல கிருமியால சரியா குடியேற முடியலை. கிருமியைக் கொல்லலை, ஆயுதத்தைப் பிடுங்கிட்டாங்க, அவ்ளோதான். ஆன்டிபயாடிக் போட்டா தப்பிச்சது மட்டும் பெருகும். இதுல அந்த நெருக்கடி குறைவா இருக்கும்ங்கிறதுதான் எதிர்பார்ப்பு.

"இதுக்கும் எதிர்ப்பு வராதா?"ன்னு கேப்பீங்க. வரும். டாக்ஸ்-டியில ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினாலே விர்ஸ்டாட்டின் பலிக்காதுன்னு அதே ஆய்வு சொல்லுது. அதுக்காக இந்த வழியையே மூட்டை கட்டிடணுமா? 20 வருஷம் தாண்டியும் இது மருந்துக்கடைக்கு வரலைங்கிறதுதான் என் ஆதங்கம்.

காலராவுக்கு முதல் வைத்தியம் இன்னிக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல்தான். வராம தடுக்க சுத்தமான தண்ணி. அதுல மாற்றுக்கருத்தே இல்லை. ஆனா ஆராய்ச்சிக் காசு கொல்ற மருந்துக்கே போகாம, சுவிட்சை அணைக்கிற மருந்துக்கும் கொஞ்சம் போகட்டுமே. என்ன சொல்றீங்க?