முகூர்த்த நேரத்துல முகமெல்லாம் தடிப்பா? பதறாதீங்க மணமக்களே!

கோபிசெட்டிபாளையம் பக்கம் கல்யாணம் என்றால் முகூர்த்தம் பெரும்பாலும் விடியற்காலையில்தான். முதல் நாள் ராத்திரி சீரெல்லாம் முடிந்து, வந்தவர்களோடு நின்று போட்டோவுக்குச் சிரித்து, மணப்பெண் படுக்கும்போது மணி பன்னிரண்டைத் தொட்டிருக்கும். இரண்டரை மணிக்கே மேக்கப் போட எழுப்பிவிடுவார்கள். கண்ணாடி முன்னால் உட்கார்ந்தால் கழுத்தோரம் லேசாக அரிக்கும். சொறிந்த இடத்தில் ஒரு தடிப்பு. ஐந்து நிமிடத்தில் அது நாலாகும். பத்து நிமிடத்தில் மார்பு, கை, தாடை என்று பரவிவிடும்.

"என்ன அம்மிணி, மூஞ்சியெல்லாம் இப்படித் தடிச்சுக் கெடக்குது?" என்று பெரியம்மா கேட்ட கேள்வி, அரை நிமிடத்தில் மண்டபம் முழுக்கப் போய்விடும். ஒருவர் வெற்றிலையும் மிளகும் கொண்டு வருவார். இன்னொருவர் மெடிக்கல் ஷாப்பைத் திறக்கச் சொல்லி ஏதோ ஒரு க்ரீம் வாங்கி வருவார். மூன்றாவது ஆள், "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பாத்தா என்ன நெனப்பாங்க?" என்பார். அந்தக் கடைசிக் கேள்விதான் பெண்ணை அழ வைக்கும்.

பதற்றத்தில் வரும் தடிப்பு பெரும்பாலும் சில மணி நேரத்தில் தானாகவே அடங்கிவிடும். காரியத்தைக் கெடுப்பது தடிப்பு இல்லை. சுற்றி இருப்பவர்கள் பதறிப்போய்ச் செய்கிற வைத்தியமும், பேசுகிற பேச்சும்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

கடிக்காத பூச்சிக்குப் பெயர் காணாக்கடி

நம் ஊரில் இதைக் காணாக்கடி என்பார்கள். கண்ணுக்குத் தெரியாத ஏதோ பூச்சி கடித்துவிட்டது என்ற நினைப்பில் வந்த பெயர். மருத்துவர்கள் அர்ட்டிகேரியா என்கிறார்கள். தோலில் இருக்கும் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் என்ற பொருளை வெளியே விடும். அது சின்ன ரத்தக் குழாய்களை விரிய வைக்கும். அங்கிருந்து நீர் கசிந்து தோல் மேடாகும், அரிக்கும். அவ்வளவுதான் விஷயம். சுமார் ஐந்தில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இது வருகிறது.

பூச்சி கடிக்காமல், ஒத்துக்கொள்ளாததைச் சாப்பிடாமல், பதற்றத்தில் மட்டும் வருமா? வரும். உடம்பு சூடேறி வியர்க்கும்போதும், மனசு படபடக்கும்போதும் குண்டூசித் தலை அளவில் பொடிப்பொடியாகத் தடிப்பு எழும்புவதை 1924-லேயே டியூக் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதி வைத்திருக்கிறார். இதற்கு கோலினெர்ஜிக் அர்ட்டிகேரியா என்று பெயர். உடம்பு குளிர்ந்தால் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். வீடியோ லைட், பட்டுப்புடவை, கழுத்து நிறைய மாலை, பக்கத்தில் ஹோம குண்டம்... இது எழும்ப இதைவிடத் தோதான இடம் வேறு இருக்காது.

சிலருக்குத் தடிப்பே இருக்காது. கழுத்திலும் மார்பிலும் திட்டுத்திட்டாகச் சிவந்து, சூடாக மட்டும் இருக்கும். அது வெட்கத்தில் முகம் சிவப்பது போன்றதுதான். சார்லஸ் டார்வின் 1872-ல் வெளியிட்ட உணர்ச்சிகள் பற்றிய புத்தகத்தில் இந்தச் சிவப்புக்கு ஒரு அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார். அடுத்தவர் நம்மைப் பற்றி என்ன நினைக்கிறார் என்ற நினைப்புதான் இதைத் தூண்டுகிறது என்பது அவர் வாதம். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்ன நெனப்பாங்க" என்ற கேள்வியை மணப்பெண் காதுபடக் கேட்கக் கூடாது என்பதற்கு இது போதாதா?

நம் மாநிறத் தோலில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. அதனால் நிறத்தை மட்டும் பார்க்காதீர்கள். மேடாக இருக்கிறதா, தொட்டால் சூடாக இருக்கிறதா, அரிக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாம் டென்ஷன் இல்லை

எது வந்தாலும் "டென்ஷன்தான்" என்று விட்டுவிடவும் கூடாது. கல்யாண வீட்டில் தோலைச் சீண்டும் பொருள்கள் ஏராளம்.

* மருதாணி: நிஜ மருதாணி ஆரஞ்சு நிறத்தில் தொடங்கி, ஒன்றிரண்டு நாளில் அடர்ந்த பழுப்பாகும். வைத்த சிறிது நேரத்திலேயே கன்னங்கரேல் என்று பிடித்தால் சந்தேகப்படுங்கள். தலைச்சாயத்தில் போடும் பிபிடி என்ற ரசாயனம் கலந்திருக்கலாம். இது ஒத்துக்காதவர்களுக்கு இரண்டு மூன்று நாள் கழித்துக் கொப்புளமே வரும். அதாவது, சரியாக முகூர்த்த நாளில்!
* பொட்டும் குங்குமமும்: ஸ்டிக்கர் பொட்டின் பசையும், செயற்கைச் சாயம் கலந்த குங்குமமும் சிலருக்கு நெற்றியில் அரிப்பைத் தரும்.
* கவரிங் நகை: நிக்கல் கலந்த கொக்கி, திருகாணி படும் இடத்தில் மட்டும் அரித்தால் காரணம் அதுதான்.
* இறுக்கமான ஜாக்கெட், ஒட்டியாணம்: அழுத்தம் பட்ட இடத்தில் சில மணி நேரம் கழித்துத் தடிப்பு வருகிறவர்கள் உண்டு.
* நலங்கு மஞ்சள்: புவிசார் குறியீடு வாங்கிய ஈரோட்டு மஞ்சள் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நல்ல கிழங்காக வாங்கி அரைத்தால் பிரச்னை அபூர்வம். வாசனையும் நிறமும் சேர்த்த பாக்கெட் பொடிகளில்தான் கவனம் வேண்டும்.

பிரித்துப் பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போடுங்கள். காணாக்கடி என்றால் அந்தத் தடிப்பு பொதுவாக 24 மணி நேரத்துக்குள் தடமே இல்லாமல் மறைந்து, வேறு இடத்தில் முளைக்கும். அதே இடத்தில் நாள்கணக்கில் நின்றாலோ, கொப்புளம், செதில், வலி இருந்தாலோ அது வேறு. தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஒரு மாதம் முன்பே ஆரம்பியுங்கள்

பரீட்சை, இன்டர்வியூ என்றாலே உங்களுக்குத் தடிக்கும் என்றால், கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். கோபி அரசு மருத்துவமனையிலோ, பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ காட்டலாம். செட்டிரிசின், ஃபெக்ஸோஃபெனடின் போன்ற ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரைகளில் எது உங்களுக்குச் சரி என்று கேட்டு, ஒரு சாதாரண நாளில் போட்டுப் பாருங்கள். செட்டிரிசின் சிலருக்குத் தூக்கம் தரும். அவில் போன்ற பழைய மாத்திரைகள் இன்னும் அதிகமாக அசத்தும். தாலி கட்டும் நேரத்தில் கண் சொருகினால் வீடியோவில் அதுதான் நிற்கும்!

மாதவிலக்கைத் தள்ளிப்போட மாத்திரை எடுப்பதாக இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். எந்த மாத்திரையும் சிலருக்கு ஒத்துக்காமல் போகலாம். அசதி, தலைவலி என்று நாமாக வாங்கிப் போடும் ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் வகை வலி மாத்திரைகள் காணாக்கடியைக் கிளப்பிவிடுவது உண்டு.

மேக்கப் ட்ரையலை முடிந்தால் இரண்டு வாரம் முன்பே வையுங்கள். ஃபவுண்டேஷன், பசை, மருதாணி எதுவாக இருந்தாலும் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி இரண்டு மூன்று நாள் பாருங்கள். கடைசி வாரத்தில் புது ஃபேஷியல், ப்ளீச், புது சோப்பு எதுவும் வேண்டாம். ஜாக்கெட்டுக்குப் பருத்தி லைனிங் வைத்து, ஒரு விரல் போகும் அளவு தளர்வாகத் தைக்கச் சொல்லுங்கள். கவரிங் நகையின் கொக்கியில் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு பூச்சுப் பூசினால் அந்த ஒரு நாளைத் தாங்கும்.

அன்றைக்கே வந்துவிட்டால்?

முதலில் கூட்டத்தைக் கலையுங்கள். அறையில் ஒரே ஒருவர் மட்டும் இருக்கட்டும். அக்காவோ, சித்தியோ, தோழியோ, அதிகம் பேசாத ஒருத்தர். இந்தப் பொறுப்பை முதல் நாளே அவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

அடுத்து, உடம்பைக் குளிரவையுங்கள். ஏ.சி. அல்லது ஃபேன் காற்றில் உட்காருங்கள். மாலையைக் கழற்றி, ஜாக்கெட்டின் மேல் கொக்கியைத் தளர்த்துங்கள். குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியைத் தடிப்பின் மேல் பத்து நிமிடம் ஒற்றி வையுங்கள். ஐஸ் கட்டியை நேராகத் தோலில் வைக்க வேண்டாம். தேய்க்கவும் சொறியவும் வேண்டாம். சொறிந்தால் தடிப்பு கூடும்.

நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி மெதுவாக விடுங்கள். ஐந்து நிமிடம் செய்தால் படபடப்பு குறைவது உங்களுக்கே தெரியும். வெறும் வயிற்றோடு இருந்தால் இரண்டு இட்லியாவது சாப்பிட்டு, தண்ணீர் குடியுங்கள். மருத்துவர் ஏற்கெனவே சொன்ன மாத்திரை இருந்தால் போடுங்கள். வேலை செய்யச் சுமார் ஒரு மணி நேரம் ஆகும். சீக்கிரம் குறையட்டும் என்று இரண்டாகப் போடாதீர்கள்.

மேக்கப்பை அரை மணி நேரம் தள்ளிப்போடுங்கள். தடிப்பு அடங்கிய பிறகு, ஏற்கெனவே ட்ரையல் பார்த்த பொருளை மட்டும் தேய்க்காமல் ஒற்றிப் போடச் சொல்லுங்கள். கழுத்தில் மிச்சம் இருந்தால் மாலை மறைத்துவிடும்.

"நல்ல நேரம் போயிருமே" என்ற கவலை வேண்டாம். கொங்குக் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம் தவிர மற்ற சீர்களுக்கு நடுவே மூச்சு விட இடம் இருக்கும். அருமைக்காரர் காதில் பெரியவர் ஒருவர், "பொண்ணுக்குப் பத்து நிமிசம் குடுங்க" என்று சொன்னால் போதும். எத்தனையோ கல்யாணம் பார்த்தவர் அவர். கோபித்துக்கொள்ள மாட்டார்.

இதையெல்லாம் செய்யாதீங்க

யாரோ வாங்கி வந்த ஸ்டீராய்டு க்ரீமை முகத்தில் தடவாதீர்கள். இவற்றை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. தடவிக்கொண்டே இருந்தால் முகப்பரு, தோல் மெலிவு, விட்டால் இன்னும் சிவப்பு என்று பின்னாலேயே வரும். "ஒரு ஊசி போட்டா சரியாப் போயிருமுங்க" என்று சொல்பவர் படித்த மருத்துவராக இல்லாவிட்டால் கையை நீட்டாதீர்கள். எலுமிச்சைச் சாறு, கற்பூர எண்ணெய், டூத்பேஸ்ட் எல்லாம் ஏற்கெனவே எரிகிற தோலை இன்னும் எரிய வைப்பவை.

இது மட்டும் அவசரம்

உதடு, நாக்கு, கண் இமை வீங்குகிறது, குரல் மாறுகிறது, மூச்சு விட முடியவில்லை, வாந்தி, தலைசுற்றல் வருகிறது. தடிப்போடு இதில் ஏதாவது ஒன்று சேர்ந்தால் அதை டென்ஷன் என்று நினைக்காதீர்கள். உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமையாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள். முகூர்த்தம் காத்திருக்கும். வீடியோவை நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள்.

மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன சொல்வது?

உள்ளதைச் சொல்லுங்கள். மறைத்தால்தான் "ஏதோ வியாதி போல" என்று பேச்சு கிளம்பும். காணாக்கடி தொற்றாது. பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளாது. தோஷமும் இல்லை, சகுனமும் இல்லை. பெண்ணின் அத்தையோ மாமாவோ முந்திக்கொண்டு, "டென்சன்ல காணாக்கடி தடிச்சிருக்குதுங்க, ஒரு மணி நேரத்துல அமுங்கிருமுங்க" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டால் விஷயம் அங்கேயே முடிந்தது. பதறாமல் சொல்வதுதான் முக்கியம்.

இன்னும் நல்ல வழி, இந்தத் தொந்தரவு உங்களுக்கு அடிக்கடி வரும் என்றால், நிச்சயம் ஆனபின் போனில் பேசும்போதே கட்டிக்கப்போகிறவரிடம் சொல்லிவிடுவது. அன்றைக்கு மேடையில் பக்கத்தில் உட்காரப் போகிறவர் அவர்தான். "பரவால்லங்க, மெதுவா வாங்க" என்று அவர் சொல்லும் ஒரு வார்த்தை பல மாத்திரைக்குச் சமம்.

மாப்பிள்ளைகளே, இதெல்லாம் பெண்களுக்கு மட்டும் என்று நினைத்துத் தாண்டிப் போகாதீர்கள். புது ஷேவிங், புது சென்ட், கழுத்தை இறுக்கும் ஷெர்வானி என்று உங்களுக்கும் இதே கதைதான். ஆம்பளைக்கு என்ன டென்ஷன் என்று கேட்டுக் கேட்டே உங்களை யாரும் கவனிப்பதில்லை. கையில் வியர்த்தால் ஒரு நண்பனிடமாவது சொல்லுங்கள்.

கடைசியாக, கொஞ்சம் கனமான ஒரு விஷயம். கூட்டத்தைப் பார்த்து வரும் பயம் வேறு, இந்தக் கல்யாணமே வேண்டாம் என்ற பயம் வேறு. வாரக்கணக்காகத் தூக்கம் இல்லை, தேதியை நினைத்தாலே உடம்பு தடிக்கிறது என்றால், அது எந்தப் பயம் என்று உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள். மனப்பதற்றத்துக்கு டெலி மானஸ் உதவி எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம். யாராவது கட்டாயப்படுத்தினால் பெண்களுக்கான உதவி எண் 181 இருக்கிறது.

வெறும் மேடைப் பயம்தான் என்றால், இந்தக் கட்டுரையை இன்றைக்கே அம்மாவுக்கும், அன்று உங்களோடு அறையில் இருக்கப் போகிறவருக்கும் அனுப்பிவிடுங்கள். மறக்காமல் "என்ன நெனப்பாங்க" பெரியம்மாவுக்கும்!