சந்தா கட்டாதவன் பறக்கக் கூடாதா?

வீட்டுக் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுகிற கிறுக்கு நம்ம தாமிரபரணிக் கரை வரைக்கும் வந்தாச்சு. சந்தோஷம். கூடவே ஒரு வியாதியும் வந்திருக்கிறது. புதுசாக ஒரு பையன் "அண்ணே, சிமுலேட்டர் போட்டுட்டேன், அடுத்து என்ன செய்ய?" என்று கேட்டால் போதும், பெரியவர்கள் ஒரு பட்டியலை நீட்டுவார்கள். சார்ட் பார்க்க ஒரு சந்தா. டேட்டாவுக்கு ஒரு சந்தா. வானிலைக்கு ஒன்று. கன்ட்ரோல் டவர் மாதிரிப் பேச ஒன்று. இத்தனையையும் பார்க்க ஒரு ஐபேட். "இதெல்லாம் இல்லேன்னா அது வெறும் வீடியோ கேம் தம்பி" என்று கடைசியில் ஒரு தீர்ப்பு வேறு.

சுத்தப் பேத்தல். பேத்தல் என்று மட்டும் சொல்லி விட்டுவிட முடியாது. நாலு காசு சேர்த்து ஒரு பழைய லேப்டாப் வாங்கிய பையனிடம் இதைச் சொல்வது அநியாயம்.

நான் பி.காம். படிக்கிறவன். எங்களுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பது மூலதனச் செலவு வேறு, வருவாயினச் செலவு வேறு என்பதைத்தான். ஜாய்ஸ்டிக் வாங்கினால் அது மூலதனம். பத்து வருஷம் மேஜையில் கிடக்கும், வேண்டாமென்றால் பாதி விலைக்குத் தள்ளிவிடலாம். சந்தா அப்படியில்லை. மாசாமாசம் போகும், டாலரில் போகும், நிறுத்திய மறுநாள் கையில் ஒன்றும் மிஞ்சாது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கொடுக்கிற காசுக்கு என்ன பொருள் வாங்குகிறோம்?

சார்ட்டையே எடுத்துக்கொள்வோம். வாகைக்குளத்தில் இருக்கிற நம்ம தூத்துக்குடி விமான நிலையத்தின் வரைபடத்தை முதலில் வெளியிடுவது யார்? இந்திய விமான நிலைய ஆணையம். 'இ-ஏஐபி' என்ற பெயரில் நாட்டின் விமான நிலையங்களுடைய விவரங்களை, ஓடுபாதை அளவு, ரேடியோ அலைவரிசை, இறங்கும் முறை எல்லாவற்றையும் இணையத்தில் இலவசமாகவே போட்டு வைத்திருக்கிறார்கள். ஜெப்பசன் போன்ற நிறுவனங்கள் ஒவ்வொரு நாடும் வெளியிடுவதை எடுத்து ஒரே அச்சில் வார்க்கின்றன. அவர்களிடமிருந்து உரிமம் வாங்கி நேவிகிராஃப் நம்மிடம் விற்கிறது. ஆக, நாம் காசு கொடுப்பது அழகான அச்சுக்கும் விரல் நுனி வசதிக்கும். அதில் தப்பில்லை, உழைப்புக்குக் கூலி. இந்த அச்சு வேலை எவ்வளவு பெரிய வியாபாரம் தெரியுமா? 2025 ஏப்ரலில் போயிங் தன்னிடமிருந்த ஜெப்பசன், ஃபோர்ஃப்ளைட், இன்னும் இரண்டு நிறுவனங்களைச் சேர்த்து 1,055 கோடி டாலருக்கு விற்க ஒப்பந்தம் போட்டது. வசதி வேண்டுகிறவர் தாராளமாக வாங்கட்டும். ஆனால் "அது இல்லாமல் பறக்கவே முடியாது" என்று சொன்னால், வீட்டுவாசலில் ஆறு ஓடும்போது பாட்டில் தண்ணீர் விற்கிற கதைதான்.

அடுத்த வாதம்: "டேட்டா அப்டேட்டா இருக்கணும்ல?" உலகம் முழுக்க விமானத் தகவல்கள் 28 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகின்றன. ஏராக் சுழற்சி என்பார்கள், வருஷத்துக்குப் பதிமூன்று வரும். நிஜ விமானிக்கு இது உயிர்ப் பிரச்சினை. நமக்கு?

இதற்கு நம்ம தூத்துக்குடியை விட நல்ல உதாரணம் கிடையாது. அங்கே பழைய ஓடுபாதை 1,350 மீட்டர்தான். ஏடிஆர் 72, க்யூ400 மாதிரி ப்ரொப்பெல்லர் விமானங்கள்தான் வந்துபோகும். அதை இரண்டு மடங்குக்கும் மேல் நீளமாக்கி, பக்கத்தில் புது முனையமும் கட்டி, 2025 ஜூலை 26-ல் பிரதமர் மோடி திறந்து வைத்தார். ஏர்பஸ் இறங்குகிற அளவுக்கு ஊர் வளர்ந்துவிட்டது, பெருமைதான். இப்போது உங்கள் லேப்டாப்பில் ஓடுவது 2006-ல் வந்த எஃப்எஸ்எக்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய லேப்டாப் வைத்திருக்கிற பலருக்கு அதுதான் ஓடும். அந்த உலகத்தில் வாகைக்குளம் இன்னும் 1,350 மீட்டர்தான். நீங்கள் சந்தா கட்டி இந்த மாதத்து ஏராக்கை ஏற்றுகிறீர்கள். டேட்டா நீள ஓடுபாதை என்கிறது, திரையில் இருப்பது குட்டை ஓடுபாதை. டேட்டாவை நம்பி ஏர்பஸ்ஸை இறக்கினால் உடைமரக் காட்டுக்குள் போய் நிற்க வேண்டியதுதான் :-) பழைய டேட்டாவும் பழைய சிமுலேட்டரும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும். புது டேட்டாவும் பழைய சிமுலேட்டரும் ஒத்துப்போகாது. 'புதுசா' என்பதை விட 'பொருந்துதா' என்று பார்ப்பதுதான் முக்கியம். இதை அந்தப் பட்டியல் பெரியவர்கள் யாரும் சொல்வதில்லை.

எனக்கு உண்மையில் கோபம் வருவது காசு விஷயத்தில் அல்ல. ஸ்ரீவைகுண்டத்துக் கூட்டாளி ஒருத்தன் மூன்று சந்தா வைத்திருக்கிறான். மெஸ் காசில் மிச்சம் பிடித்துக் கட்டுகிறான். "ஏல, இங்கிருந்து மதுரைக்குச் செஸ்னால போக எவ்வளவு பெட்ரோல் வேணும்?" என்று கேட்டேன். "ஆப் சொல்லும்" என்றான். "ஆப் இல்லேன்னா?" "ஆப் இல்லாம எதுக்குல பறக்கணும்?"

இந்த இடத்தில்தான் அந்தப் பட்டியல் செய்கிற கெடுதல் தெரிகிறது. துணைக்கு வந்த ஆப் தலையை வாங்கிக்கொண்டது.

அந்தக் கணக்கைப் போட்டுத்தான் பார்ப்போமே. தூத்துக்குடியிலிருந்து மதுரை நேர்கோட்டில் ஏறத்தாழ 67 நாட்டிகல் மைல், கிட்டத்தட்ட நேர் வடக்கு. (ஒரு வேடிக்கை: தூத்துக்குடி–திருவனந்தபுரமும் ஏறத்தாழ அதே 67. மதுரை–திருச்சியும் அதே 67. இந்த ஒரு எண்ணை மனப்பாடம் செய்தால் தென் தமிழ்நாட்டில் பாதித் திட்டம் முடிந்தது.) செஸ்னா 172-இன் வேகம் 110 நாட், மணிக்கு எட்டரை காலன் குடிக்கும் என்று வையுங்கள். மதுரைக்கு 37 நிமிடம், 5.2 காலன். மதுரையில் இறங்க முடியாவிட்டால் திருச்சி, இன்னொரு 5.2. அதற்கு மேல் 45 நிமிடக் கையிருப்பு, 6.4. தரையில் ஓடவும் சில்லறைக்கும் ஒன்றரை, இரண்டு. மொத்தம் 19 காலன். டேங்கில் பயன்படக்கூடியது 53. ஒரு பேப்பர், ஒரு பேனா, ஐந்து நிமிடம்.

காற்றையும் சேர்க்கலாம். ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் விழுகிற நாளில் நம்ம பக்கம் மேல்காற்று எப்படி அடிக்கும் என்று யாரும் சொல்லித் தர வேண்டாம். 25 நாட் என்று வையுங்கள். வடக்கே மதுரைக்குப் போகிறவனை அது பக்கவாட்டில் தள்ளும். 25-ஐ 110-ஆல் வகுத்து அறுபதால் பெருக்கினால் சுமார் 14 பாகை. மூக்கை அவ்வளவு மேற்கே திருப்பி வைத்தால் விமானம் கோட்டில் போகும். மேற்கே திருவனந்தபுரம் போகிறவனுக்கு எதிர்காற்று: வேகம் 85 ஆகிவிடும், 47 நிமிடம். திரும்பும்போது 135, அரை மணி நேரம். இரண்டும் சேர்ந்து 77 நிமிடம். காற்றில்லாத நாளில் 73. போகும்போது இழந்த நிமிடங்கள் வரும்போது முழுசாகத் திரும்பக் கிடைக்காது என்பதை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தவனுக்கு அது மறக்காது. பட்டனை அமுக்கினவனுக்கு அது திரையில் ஒரு எண், அவ்வளவுதான்.

அந்தத் திருவனந்தபுரம் கோட்டில் இன்னொரு சங்கதி இருக்கிறது. நேர்கோடு போட்டால் அது அகத்தியர் மலை உச்சிக்குத் தெற்கே சுமார் நான்கு நாட்டிகல் மைலில் பொதிகைத் தொடரைக் கடக்கிறது. உச்சி 1,868 மீட்டர், அதாவது 6,100 அடிக்கு மேல். தயாராக வந்த திட்டத்தை அப்படியே ஏற்றிக்கொண்டு 4,500 அடியில் கிளம்புகிறவன், நம்ம ஆறு பிறக்கிற மலைக்குள்ளேயே தலையைக் கொடுக்கிறான். உச்சிக்கு மேலே 2,000 அடி இடைவெளி விட்டால் 8,500-ல் போக வேண்டும். போதாததற்கு, மேல்காற்று நாளில் கேரளப் பக்கம் ஏறுகிற காற்று நம்ம பக்கம் கீழே இறங்கும். அங்கே மழை கொட்டுவதும் இங்கே தூத்துக்குடி காய்வதும் அதனால்தான். மலையை நெருங்குகிற சின்ன விமானத்தை அந்தக் காற்று கீழே அமுக்கும். பள்ளிக்கூடத்தில் மழை மறைவுப் பிரதேசம் என்று படித்தது விமானியின் பிரச்சினை என்று எனக்குப் புரிந்தது வரைபடத்தை விரித்து வைத்துக் கோடு கிழித்தபோதுதான்.

அப்படியானால் எந்த ஆப்பும் வேண்டாமா? யார் சொன்னது? லிட்டில் நேவ்மேப் இருக்கிறது. இலவசம், திறந்த மூல மென்பொருள். எஃப்எஸ்எக்ஸ், எக்ஸ்-ப்ளேன், மைக்ரோசாஃப்டின் புதுப் பதிப்புகள் எல்லாவற்றோடும் பேசும். கோட்டுக்குக் கீழே மலை எவ்வளவு உயரம் என்று பக்கவாட்டுப் படமே காட்டும். முக்கியமாக, சிமுலேட்டருக்குள் இருக்கிற விமான நிலையங்களை அதிலிருந்தே படித்துக் காட்டும். அந்த உடைமரக் காட்டுப் பிரச்சினை வராது. ஐபேடும் வேண்டாம், அதே வீட்டு வைஃபையில் போன் பிரௌசரைத் திறந்தால் வரைபடம் நகர்வதைப் பார்க்கலாம். பெரிய விமானம் ஓட்டுகிறவனுக்கு சிம்ப்ரீஃப். எடை, எரிபொருள், பாதை எல்லாம் கம்பெனி டிஸ்பாட்சர் கொடுக்கிற மாதிரித் தாளில் வரும். இலவசக் கணக்கில் டேட்டா பழசாக இருக்கும், தனியாகப் பறக்க அது போதும். சிமுலேட்டரே வாங்க வழியில்லையா, ஃப்ளைட்கியர் முழுக்க இலவசம்.

ஆப்பைத் தேர்ந்தெடுக்க நான் வைத்திருக்கிற சோதனை ஒன்றுதான். அது எனக்கு விடையைக் காட்டுகிறதா, வழியையும் காட்டுகிறதா? லிட்டில் நேவ்மேப்பில் நான் கோடு இழுத்து, உயரம் வைத்து, தப்பென்றால் சிவப்பாகத் தெரிகிறது. அது துணை. ஊர்ப் பெயர் இரண்டைக் கொடுத்தால் எல்லாவற்றையும் முடித்து நேராக விமானத்துக்குள் அனுப்பிவிடுகிற ஆப் எஜமான்.

"நேரம் மிச்சமாகுதே" என்பார்கள். மிச்சமான நேரத்தில் என்ன செய்யப் போகிறோம்? ஆட்டோபைலட்டைப் போட்டுவிட்டு போன் பார்ப்போம் :-)

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்குப் ப்ளஸ் டூவில் இயற்பியல், கணிதம் வேண்டும் என்ற விதியால் என் மாதிரி காமர்ஸ் பசங்களுக்கு அந்தக் கதவு பல வருஷமாகச் சாத்திக் கிடந்தது. 2025-ல் அதைத் தளர்த்துகிற யோசனை செய்தியாக வந்தது. கதவு திறந்தாலும் பயிற்சிக்கு லட்சக்கணக்கில் வேண்டும். ஆழ்வார்திருநகரியில் எத்தனை வீட்டில் அது இருக்கிறது? எங்களில் பலருக்கு இந்த லேப்டாப்தான் உட்காரக் கிடைக்கிற ஒரே காக்பிட். அதில் கற்றுக்கொள்ள இருக்கிற கொஞ்சத்தையும் சந்தா கட்டி ஆப்பிடம் ஒப்படைத்துவிட்டால் மிச்சம் என்ன?

சரி, காசு கொடுத்தே ஆக வேண்டிய இடம் ஒன்று உண்டு. வாட்சிம் மாதிரி ஆன்லைனில், நிஜ மனிதர்கள் கன்ட்ரோலராக உட்கார்ந்திருக்கிற இடத்தில், கூட்டமான நாளில் சென்னையில் இறங்கப் போகிறீர்கள் என்றால் அவர்கள் சொல்கிற பாதை உங்கள் விமானத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். பழைய டேட்டாவோடு போய் எல்லோரையும் காக்க வைப்பது மரியாதை இல்லை. அப்போது அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். கட்டிய அன்றைக்கே ஆட்டோ-ரினியூவலை அணைத்துவிடுங்கள்.