சிறுநீரக நோயாளியின் இருதயம்

மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் பொழுது விடியுமுன் பஸ் ஏறி, டயாலிசிஸ் செய்துகொள்ள மதுரை அரசினர் இராஜாஜி மருத்துவமனைக்கு வரும் ஏழை ஜனங்களைக் காண்பவர், அவர்களுக்கு எமன் சிறுநீரக வியாதியே என்று எண்ணுவர். வைத்திய சாஸ்திரமோ வேறு கூறுகின்றது. நாட்பட்ட சிறுநீரக வியாதியஸ்தரில், டயாலிசிஸ் கட்டத்தை அடைகிறவரைக் காட்டிலும் அதற்கு முன்பே மாண்டு போகிறவரே அதிகம். அம்மரணங்களுக்குத் தலையாய காரணம் இருதயக் கோளாறாகும்.

இவ்வாபத்தை முன்கூட்டி அறிய வழியுண்டா? உண்டு. இருதயத் தசை சேதமுற்றால் டிரோபோனின் என்னும் புரதம் இரத்தத்தில் கசிகின்றது. உடலில் நீர் தேங்கி இருதயம் திணறினால் என்.டி. புரோ பி.என்.பி. என்னும் பொருள் பெருகுகின்றது. இவ்விரண்டையும் இரத்தப் பரிசோதனையால் அளந்துவிடலாம். டயாலிசிஸ் நோயாளரின் அபாயத்தை மதிப்பிட டிரோபோனின்–டி பரிசோதனையை உபயோகிக்க அமெரிக்காவின் மருந்து நிர்வாகம் 2004-லேயே அனுமதி வழங்கிற்று.

ஆயினும் இச்சாட்சிகளைக் குறுக்கு விசாரணையின்றி ஏற்கலாகாது. சிறுநீரகம் பழுதுற்றவரிடம் மாரடைப்பு இல்லாத நாளிலும் இவ்வளவுகள் உயர்ந்தே நிற்பதுண்டு. கழிவை வெளியேற்றவேண்டிய உறுப்பு நலிந்திருப்பது ஒரு காரணம். இருதயம் சிறுகச் சிறுகச் சேதமுறுவது மற்றொன்று. ஆதலால், உயர்ந்த அளவைக் கண்டதும் மாரடைப்பென்று அலறுவது பிசகு. ‘சிறுநீரகத்தால் வந்த உயர்வுதானே’ என்று தள்ளிவிடுவது அதனினும் பெரிய பிசகு. நெடுநாள் உயர்ந்து நிற்கும் டிரோபோனின் பின்வரும் அபாயத்தின் அறிகுறியேயாகும்.

முன் அளவோடு இன்றைய அளவை ஒப்பிடுவதே நியாயமான விசாரணை. இந்நோயாளருக்கு மார்வலியின்றியே மாரடைப்பு வருவதுமுண்டு. மூச்சுத் திணறி நள்ளிரவில் வந்து சேர்பவரின் முன் அளவு கைவசம் இருக்குமாயின், டாக்டருக்கு அது எத்துணை உதவி!

இக்கவலை நகரத்தாருக்கு மட்டும் உரியதன்று. தமிழ்நாட்டு விவசாயத் தொழிலாளரைச் சோதித்து 2025-ல் வெளியான ஆராய்ச்சியொன்று, நூற்றில் ஐவருக்குச் சற்று மேற்பட்டோரிடம் இவ்வியாதியைக் கண்டது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு நீரிழிவு முதலிய வழக்கமான காரணம் எதுவும் புலப்படவில்லை. நமது சமவெளியில் வெயிலில் உழைப்போர் இதைப் பிறர் கதையென்று கேட்டிருக்கலாகாது.

அளந்து அறிந்து பயனென்ன என்று சிலர் வினவலாம். இரத்த அழுத்தத்தையும் தேங்கிய நீரையும் கட்டுப்படுத்துவது கைகூடிய காரியம். சிறுநீரகம், இருதயம் இரண்டையும் காக்கும் டாபாகிளிஃப்ளோசின் மருந்தின் காப்புரிமை 2020-ல் காலாவதியான பின்னர், நம் நாட்டுக் கம்பெனிகளே அதைச் சகாய விலையில் செய்து வருகின்றன. மருந்து ஏழைக்கு எட்டும் தூரத்தில் வந்துவிட்டது, பரிசோதனையும் வரவேண்டாமா?

2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு சென்றதை நாம் மனமுவந்து பாராட்டுகிறோம். அடுத்து நாம் கோருவது இரண்டே. டயாலிசிஸ் பெறுவோர் அனைவருக்கும், உடல் அமைதியாயுள்ள காலத்தில் இவ்விரு அளவுகளையும் சர்க்கார் செலவில் எடுத்து, நோயாளியின் புத்தகத்தில் குறித்துத் தரவேண்டும். கிராமங்களில் மூத்திரத்தில் ஆல்புமினும் இரத்தத்தில் கிரியேட்டினினும் தவறாமல் பார்க்கவேண்டும். ஆல்புமின் கசிவும் இருதய அபாயத்தின் முன்னறிவிப்பே.

தேசத் தொண்டர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் ஊரில் நீரிழிவும் இரத்த அழுத்தமும் உடைய பெரியோரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்று இப்பரிசோதனையைச் செய்வியுங்கள். சர்க்கார் உத்தரவு வரும்வரை இதற்குக் காத்திருக்கவேண்டியதில்லை.