ரெண்டு சதவீத பார்ட்னர்!

திருத்தணி மலைக்கு 365 படி. நாளுக்கு ஒன்று என்று கணக்கு. "கார் ரோடு இருக்கே மாமா" என்றேன். மாமா கைத்தடியால் முதல் படியைத் தட்டினார். பக்கவாதம் வந்து ஏழு மாசம். கால் தேறிவிட்டது, பேச்சு வரவில்லை.

மூளையின் எடை சுமார் 1.4 கிலோ. உடம்பில் ரெண்டு சதவீதம்தான். ஆனால் பிராணவாயுவில் 20 சதவீதத்தை விழுங்கிவிடும். பி.காம். படித்தவன் சொல்கிறேன், இப்படியொரு பார்ட்னர் எந்தக் கம்பெனியிலும் கிடையாது.

படியேறும்போது மூச்சையும் இதயத் துடிப்பையும் கவனிப்பது முகுளம். தள்ளாடாமல் நிறுத்துவது சிறுமூளை. 'பிரசாதம் எங்கே கிடைக்கும்?' என்று யோசிப்பது பெருமூளை. (என்னுடையது இதற்கு மட்டும்தான் வேலை செய்கிறது என்பது அத்தையின் கட்சி!)

மாமாவுக்கு அடி விழுந்தது பெருமூளையில் இடப்பக்கம், நெற்றிக்குப் பின்னால், பேச்சைக் கோத்துத் தரும் இடத்தில். 1861-ல் அதைக் கண்டு சொன்னவர் பாரிஸ் டாக்டர் பால் புரோக்கா. அவருடைய நோயாளி எதைக் கேட்டாலும் 'டான்' என்று மட்டும் சொல்வாராம். மாமாவுக்கு 'ம்... ம்...'. நாம் பேசுவது புரியும். பதில்தான் வராது. தமிழும் தெலுங்குமாகப் பேசியே கடை நடத்திய மனிதர்!

பாதி வழியில் ஒரு காவடிக் கோஷ்டி. "வெற்றிவேல் முருகனுக்கு..."

"அரோகரா!"

மாமாவின் குரல். அத்தை படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பேச்சு போனவர்களுக்கும் பாட்டும் பழகிய கோஷமும் சில சமயம் வரும், அதில் வலப்பக்க மூளைக்கும் பங்கு உண்டு என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அதை விளக்க வாயெடுத்தேன். அத்தை கையமர்த்தினார்.

மாமா அடுத்த கோஷத்துக்குக் காத்திருந்தார்.