விசிறியின் மறுபாதி

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹேயை ‘விசிறி நகரம்’ என்பார்கள். அரண்மனைக் கோபுரத்தை மையமாக வைத்து 32 பாதைகள் நேர்கோடாகக் கிளம்புகின்றன. அவற்றில் 9 மட்டுமே தெற்கே ஊருக்குள் போகின்றன. மீதி 23-ம் காட்டுக்குள். வருகிறவர்கள் அந்த ஒன்பதைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு ரயிலேறிவிடுகிறார்கள். எனக்கென்னவோ அசல் சொத்து அந்த 23-தான் என்று படுகிறது.

1715-ல் சிற்றரசர் கார்ல் வில்ஹெல்ம் அடிக்கல் நாட்டியபோது அங்கே ஊரே கிடையாது. ஹார்ட்வால்ட் என்ற காடுதான். வேட்டைக்குப் போனவர் களைத்துத் தூங்கினார், கனவில் இந்த வடிவம் வந்தது என்று ஒரு கதை. ஊர்ப்பெயருக்கே ‘கார்லின் ஓய்வு’ என்றுதான் பொருள். கனவோ என்னவோ, வேட்டைக்காரருக்கு வசதி: நடுவில் நின்றால் எந்தப் பாதையை மான் கடந்தாலும் கண்ணில் படும்.

மகள் வீட்டில் தங்கியிருந்தபோது தினமும் அங்கே நடந்தேன். எவ்வளவு தூரம் போய்த் திரும்பிப் பார்த்தாலும் பாதையின் கோடியில் கோபுரம் சின்னதாக நிற்கும். வழி தவற வழியே இல்லை. முழங்கால் வலிக்காரனுக்கு அது பெரிய நிம்மதி. சைக்கிள்கள்தான் விர்ரென்று போகும். போகட்டும், அவற்றுக்கு உரிமை உண்டு. சைக்கிளின் முன்னோடியான, மிதிகட்டை இல்லாத இருசக்கர வண்டியை 1817-ல் ஓட்டிக் காட்டிய கார்ல் டிரைஸ் இந்த ஊரில் பிறந்தவர், வன அதிகாரியும்கூட.

காட்டை முழுசாக விட்டுவைக்கவில்லை. உள்ளே கால்பந்து மைதானம் இருக்கிறது. அரைவட்டமாக ஒரு பெரிய சாலை பாதைகளை வெட்டிக்கொண்டு போகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் சொல்வார்கள், ‘நாலு மரம்தானே’ என்பார்கள். இருபுறமும் மரம் நிற்கிறவரைதான் அது கார்ல் போட்ட பாதை; அப்புறம் வெறும் ரோடு. தரையும் மணல், தண்ணீர் நிற்காது. மழை பொய்த்தால் பைன் மரங்கள் வாடிவிடும். வெட்டின இடத்தில் புதுக் கன்று பிழைப்பதே பாடு.

அரண்மனை 1944-ல் குண்டுவீச்சில் எரிந்தது. போருக்குப் பின் வெளித்தோற்றத்தை அப்படியே திரும்பக் கட்டிவிட்டார்கள், இப்போது அருங்காட்சியகம். நூறு வயது மரத்தை அப்படிக் கட்ட எந்தக் கொத்தனாராலும் ஆகாது. ஆகவே கோபுரத்துக்குத் தருகிற பாதுகாப்பைக் குறையாமல் இந்த 23 பாதைகளுக்கும் தர வேண்டும் என்பது என் கட்சி.

உங்கள் பிள்ளைகள் அந்தப் பக்கம் இருந்து நீங்கள் போக நேர்ந்தால், அரண்மனை வாசலோடு திரும்பாதீர்கள். பின்பக்கம் போய், ஏதாவது ஒரு பாதையில் அரை மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள். தொப்பி வேண்டாம், நிழல் இருக்கிறது.