மாணவர் முன்மொழிவும் பெற்றோர் பட்டறிவும்

மருத்துவமா, பொறியியலா, கணக்கியலா எனப் பிள்ளைகளின் துறைத் தெரிவு பற்றிப் புலம்பெயர் தமிழ்க் குடும்பங்களில் ஓயாது பேசப்படுகின்றது. கற்ற கல்வியைக் கொண்டு, தாம் வாழும் நகரின் நடைமுறைகளில் எதனை மாற்ற அப்பிள்ளைகள் முன்மொழிகின்றார்கள் என்பது பேசப்படுவதோ மிக அரிது. நிலைபேறான அபிவிருத்தி, புத்தாக்கம் என்பன பாடநூலுக்கும் அரச அறிக்கைகளுக்கும் உரிய சொற்கள் என்ற எண்ணமே பெற்றோர் பலரிடம் நிலவுகின்றது. பிரான்சு நாட்டின் அனுபவம் இதற்கு மாறானது.

பிரான்சின் தேசிய சட்டமன்றம் 1994ஆம் ஆண்டில் சிறுவர் பாராளுமன்றத்தைத் தொடக்கியது. தொடக்கப் பள்ளியின் இறுதி வகுப்பு மாணவர்கள் தம் ஆசிரியரோடு கூடிச் சட்ட முன்மொழிவுகளை எழுதுகின்றார்கள். அவற்றுள் நான்கு, நாட்டின் சட்டங்களாகவே நிறைவேறியுள்ளன. அவற்றில் ஒன்று 1999 ஜூன் 9ஆம் நாளைய சட்டம். பாடசாலைப் பொருட்களை வாங்கும்போது, அவை சிறுவர் உழைப்பைச் சுரண்டிச் செய்யப்பட்டவை அல்ல என்பதில் கல்வி நிறுவனங்கள் கவனம் செலுத்த வேண்டும் என அது கூறுகின்றது. பத்து வயதுப் பிள்ளைகள் தம் கையிலிருந்த பென்சிலையும் பந்தையும் பார்த்துக் கேட்கக்கூடிய ஓர் எளிய கேள்வி, நாட்டின் கொள்முதல் நெறியைத் தொட்டது.

உயர்கல்வி மாணவரின் குரலும் அவ்வாறே எழுந்தது. 2018ஆம் ஆண்டில், தமிழ்ப் பெற்றோர் பலர் கனவு காணும் பொலித்தெக்னிக் உள்ளிட்ட உயர்கல்வி நிறுவனங்களின் மாணவர்கள், சூழல் விழிப்புணர்வுக்கான அறிக்கையொன்றை வெளியிட்டனர். 30,000க்கும் மேற்பட்ட மாணவர் அதில் ஒப்பமிட்டனர். சூழலைச் சிதைக்கும் நிறுவனங்களுக்குத் தம் அறிவையும் உழைப்பையும் வழங்கத் தயங்குவதாக அவர்கள் அறிவித்தனர். 2022 பெப்ரவரியில், காலநிலை அறிவியலாளர் ழான் ழூசெல் தலைமையிலான குழு உயர்கல்வி அமைச்சிடம் ஓர் அறிக்கையைக் கையளித்தது. எத்துறை மாணவராயினும் சூழல் மாற்றம் பற்றிய பயிற்சியைப் பெற வேண்டும் என்பது அதன் பரிந்துரை.

இவை தொலைவில் நடப்பவை அல்ல. 2020ஆம் ஆண்டு முதல் கொலேஜ், லிசே வகுப்புகள் தோறும் சூழல் பிரதிநிதியாக மாணவர் ஒருவர் தெரிவு செய்யப்பட வேண்டும். செயின் நதிக்கரை நகரான ஆர்ஜொந்தெயிலும் தமிழ்ப் பிள்ளைகள் அவ்வகுப்புகளில் அமர்ந்திருக்கின்றார்கள். ஒருகாலத்தில் திராட்சைத் தோட்டங்களும் அஸ்பராகஸ் வயல்களும் நிறைந்திருந்த அந்நகர், இன்று வல்துவாஸ் மாவட்டத்திலேயே மக்கள்தொகை மிகுந்த நகராகும். நிலம், நீர், நெரிசல், கழிவு எனச் சிந்திப்பதற்கு அங்கு வாழும் மாணவருக்குப் பாடங்கள் வாசலிலேயே உள்ளன.

இதில் உரிமை சார்ந்த செய்தியும் அடங்கியுள்ளது. பிரெஞ்சுக் குடியுரிமையோ ஐரோப்பிய ஒன்றிய நாடொன்றின் குடியுரிமையோ இல்லாதவர், எத்தனை ஆண்டுகள் வதிவிட அனுமதியோடு வாழ்ந்தாலும் நகரசபைத் தேர்தலில் வாக்களிக்க இயலாது. ஆயினும் பாரிஸ் மாநகரசபை 2014இல் தொடக்கிய மக்கள் பங்கேற்பு வரவு செலவுத் திட்டத்தில், குடியுரிமை பாராது நகரவாசிகள் முன்மொழியவும் வாக்களிக்கவும் வழி உண்டு. ஆர்ஜொந்தெயையும் உள்ளடக்கிய இல் து பிரான்சு பிராந்தியம் 2020இல் தொடக்கிய சூழல் வரவு செலவுத் திட்டத்திலோ, 15 வயதினருக்கும் வாக்குரிமை தரப்பட்டது. வாக்குச்சீட்டு எட்டாத தந்தைக்கும், அதற்கான வயதை எட்டாத பிள்ளைக்கும் முன்மொழிவு என்ற வாசல் திறந்தே உள்ளது.

அந்த வாசலில் பிள்ளை தனித்து நுழைய வேண்டியதில்லை. பாரிஸ் உணவகங்களின் சமையலறைகளில் உழைத்த ஈழத்தமிழர் ஏராளம். எந்த உணவு மீதமாகின்றது, எவ்வளவு குப்பைக்குச் செல்கின்றது, அது ஏன் தவிர்க்கப்படவில்லை என்பவற்றை அவர்கள் அறிவார்கள். 2020 பெப்ரவரி 10ஆம் நாளைய சட்டத்தின்படி, 2024 ஜனவரி 1 முதல் உணவகங்கள் உயிரியல் கழிவைப் பிரித்தே அகற்ற வேண்டும். வீடுகளுக்கு அதற்கான வழியை உள்ளூராட்சி அமைப்புகள் ஏற்படுத்த வேண்டும். இச்சட்டத்தை வாசித்து விளங்கும் ஆற்றல் பிள்ளையிடம் உண்டு. சமையலறையில் அது எங்கே இடறும் என்ற பட்டறிவு தந்தையிடம் உண்டு. இரண்டும் ஒரே வீட்டில் இருந்தும் ஒன்றையொன்று சந்திக்காமற் போவதே இழப்பு.

லாச்சப்பல் இதற்கு நல்லதொரு பயிற்சிக்களம். மரக்கறிக் கடைகளில் மாலைக்குள் வாடிவிடும் கீரைக்கும் கறிவேப்பிலைக்கும் என்ன வழி? வெற்று அட்டைப் பெட்டிகளைக் கடைகள் கூட்டாகச் சேர்த்து அனுப்ப இயலுமா? மாணிக்க விநாயகர் தேர்த்திருவிழாவில் வீதியில் உடைபடும் தேங்காய்களைத் தனியே திரட்டி எருவாக்க முடியுமா? நல்ல முன்மொழிவு ஆவேசத்தால் அமைவதன்று. ஒரு வாரம் கழிவை நிறுத்துப் பார்த்தல், செலவைக் கணக்கிடல், பொறுப்பேற்பவரைக் குறித்தல், ஒரு கடையிலேனும் சோதித்துப் பார்த்தல் ஆகியவையே அதற்கு வலிமை தரும். வணிகருக்குச் சுமையாகும் திட்டம் நிலைக்காது. அவரது செலவைக் குறைக்கும் திட்டமே பரவும்.

இம்முயற்சிக்குத் தமிழும் தேவை. பிரெஞ்சில் மட்டும் எழுதப்பட்ட முன்மொழிவு கடைக்காரரையும் பெற்றோரையும் சென்றடையாது. தமிழில் மட்டும் எழுதப்பட்டது நகரசபையைச் சென்றடையாது. ஆண்டு விழாக்களில் பேச்சுப் போட்டி நடத்தும் தமிழ்ப் பள்ளிகள், மனனம் செய்த உரைகளோடு, இருமொழியில் எழுதப்பட்ட முன்மொழிவு ஒன்றையும் மேடையேற்றலாம். தமிழர் சங்கங்களும் ஆலயங்களும் வணிகர்களும் அதைக் கைதட்டிப் பாராட்டுவதோடு நின்றுவிடலாகாது. ஒன்றையேனும் ஏற்றுத் தம் வாசலிலேயே நடைமுறைப்படுத்திக் காட்ட வேண்டும்.

சொந்தச் சமூகத்திலேயே செவிமடுக்கப்படாத இளையோர் நாட்டின் மன்றங்களில் துணிந்து பேசுவார்கள் என எதிர்பார்ப்பது வீண். தம் சொல் ஒரு கடையை, ஒரு திருவிழாவை, ஒரு வீதியை மாற்றியதைக் கண்ட பிள்ளை நாளை நகரசபையின் கதவையும் தயங்காது தட்டும். அடுத்த பள்ளி ஆண்டு தொடங்குமுன், ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளையின் முன்மொழிவைக் கேட்பதற்கென ஒரு மாலைப்பொழுதாவது ஒதுக்கப்படட்டும்.